தமிழ்ப் பிள்ளையின் மனக்குறையை யார் கேட்பது?

100 மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள ஒவ்வொரு கல்வி நிலையமும் தகுதி பெற்ற ஆலோசகர், உளவியலார் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையாவது அமர்த்த வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2025 ஜூலையில் கட்டளையிட்டது. விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் படித்து வந்த 17 வயது மாணவி 2023-ல் இறந்த வழக்கில் வந்த தீர்ப்பு இது.

கட்டளை வந்துவிட்டது, ஆள் எங்கே?

மும்பையில் படிப்புக்குப் பஞ்சமில்லை. 1936-ல் தொடங்கிய டாட்டா சமூக அறிவியல் கழகம் செம்பூரை அடுத்த தேவ்னாரில்தான் இருக்கிறது. ஆலோசனை உளவியலில் எம்.ஏ. பட்டம் அங்கே வழங்கப்படுகிறது. செம்பூர்த் தமிழருக்குக் கூப்பிடு தூரம்; தாராவிக்கும் தொலைவல்ல. ஆனால் வாசலில் நிற்பது அகில இந்திய நுழைவுத் தேர்வு. வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும். தமிழ் வழியில் படித்துப் பட்டம் வரை தட்டுத்தடுமாறி வந்த தாராவிப் பெண்ணுக்கு அந்த வாசல் உயரமானதுதான்.

மாநகராட்சி தமிழ் வழிப் பள்ளிகளையும் நடத்தி வருகிறது. அங்கு படிக்கும் சிறுவன், தகப்பன் குடித்துவிட்டு அடிப்பதை மராத்தியிலா சொல்லி அழுவான்? தாயை அழைத்து மொழிபெயர்க்கச் சொன்னால் அவன் வாயே திறக்கமாட்டான். மொழி தெரியாத ஆலோசகர் கணக்குக்கு ஓர் ஆள், அவ்வளவே.

பணியில் உள்ள ஆசிரியர்களுக்கு இன்னொரு வழி உண்டு. என்.சி.இ.ஆர்.டி. நிறுவனத்தின் ஆலோசனை டிப்ளமா ஓராண்டுப் படிப்பு. ஆறு மாதம் அஞ்சல்வழி, மூன்று மாதம் நேரடி வகுப்பு, மூன்று மாதம் களப்பயிற்சி. தமிழ் ஆசிரியர்களை இதற்கு அனுப்புவதே விரைவான வழி. ஆனால் நேரடி வகுப்புக்குச் சம்பளத்துடன் விடுப்பும், வகுப்பைக் கவனிக்க மாற்று ஆசிரியரும் தரப்படாவிட்டால் எவரும் விண்ணப்பிக்கப் போவதில்லை.