பூட்டிய பெட்டகத்துக்குள் புகும் ஈரம்

திருடனுக்குப் பயந்து பூட்டு போடுகிறார்கள். தீக்குப் பயந்து தடித்த சுவர் வைக்கிறார்கள். ஆனால் அமெரிக்க வீடுகளில் உள்ள துப்பாக்கிப் பெட்டகத்துக்குள் சத்தமில்லாமல் புகுந்து, உள்ளே இருப்பதைத் தின்பது காற்றில் இருக்கும் ஈரம்தான். அதைத் தடுக்க எந்தப் பூட்டாலும் முடியாது.

இது வெறும் துருப் பிரச்சினை அல்ல. குழலில் செம்புள்ளிகளைப் பார்த்தவுடன் பலருக்குத் தோன்றும் முதல் யோசனை, "கதவைத் திறந்து வைத்தால் காற்றோட்டமாக இருக்குமே" என்பது. சிலர் துப்பாக்கியை வெளியே எடுத்து அலமாரியில் சாய்த்து வைத்துவிடுகிறார்கள். குழந்தைகள் கையில் சிக்கக் கூடாது என்பதற்காக வாங்கிய பெட்டி அத்தோடு அர்த்தமற்றுப் போகிறது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பயன்படுத்தாத துப்பாக்கியைப் பூட்டி வைப்பது 1998 முதல் சட்டப்படி கட்டாயம். சட்டம் இல்லாத இடத்திலும் அதுதான் நியாயம். எனவே கதவு மூடியே இருக்க வேண்டும். மூடிய கதவுக்குள் ஈரத்தை எப்படி அடக்குவது என்பதுதான் கேள்வி.

ஈரம் எங்கிருந்து வருகிறது? கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் வெளிக்காற்று உள்ளே போகிறது. 30 டிகிரி செல்சியஸ் வெப்பமும் 70 சதவீத ஈரப்பதமும் உள்ள நாளில் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 21 கிராம் நீர் இருக்கும். அதே காற்று 24 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த இரும்பைத் தொட்டால் துளியாகப் படியும். துளி படியாவிட்டாலும், ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினாலே துரு வேகமெடுக்கும். அதற்காக ஒரேயடியாக உலர்த்தவும் கூடாது. மிகவும் உலர்ந்தால் மரப்பிடி சுருங்கி வெடிக்கும். 40 முதல் 50 சதவீதம் வரை இருப்பது இரண்டுக்கும் நல்லது.

இதற்குக் கடைகளில் இரண்டு வழிகள் விற்கிறார்கள். ஒன்று, ஷூ பெட்டியில் வருமே, அந்தச் சிலிக்கா ஜெல். இது ஈரத்தை உறிஞ்சும், ஆனால் வயிறு நிறைந்ததும் நின்றுவிடும். அடுப்பில் சூடாக்கி உலர்த்தினால் மறுபடியும் வேலை செய்யும். இன்னொன்று, மின்சாரச் சூடேற்றும் தண்டு. இது ஒரு துளி நீரைக்கூட வெளியேற்றாது. 25 டிகிரியில் 70 சதவீதமாக இருக்கும் ஈரப்பதம், காற்றை 28 டிகிரிக்குச் சூடாக்கினால் சுமார் 59 ஆக இறங்கும். அவ்வளவுதான். மின்சாரம் போனால் தண்டும் குளிர்ந்துவிடும். 2021 ஆகஸ்ட் 29 அன்று ஐடா புயலில் நியூ ஆர்லியன்ஸ் நகரம் முழுவதும் இருண்டது. ஈரம் அதிகமான ஊர், ஈரம் அதிகமான மாதம். அப்படிப்பட்ட நாட்களில் ஜெல்தான் கை கொடுக்கும். கடலோர ஊர்களில் இரண்டும் சேர்ந்து இருப்பதே புத்திசாலித்தனம். கால்சியம் குளோரைடு டப்பா மட்டும் வேண்டாம். அது ஈரத்தை இழுத்து உப்புக் கரைசலாக உருகும். கவிழ்ந்தால் வேலியே பயிரை மேய்ந்த கதைதான்.

"எண்ணெய் பூசினால் போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. மெல்லிய எண்ணெய்ப் பூச்சும், கைரேகை வியர்வையைத் துடைப்பதும் கட்டாயம் தேவை. ஆனால் எண்ணெய் நாளடைவில் வடிந்துவிடும், மரத்துக்கும் உதவாது. தோல் உறை இன்னும் மோசம். ஈரத்தை உறிஞ்சிப் பிடித்து, இரும்போடு ஒட்டி வைக்கும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்பு வாங்க வேண்டியது ஒரு சின்ன ஈரப்பதமானி. விலை குறைவு. ஆனால் பெட்டகத்துக்குப் பெரும் பணம் கொடுப்பவர்கள் இதைத்தான் மறக்கிறார்கள். அளக்காமல் மருந்து போடுவது, காய்ச்சலைப் பார்க்காமல் மாத்திரை விழுங்குவது போன்றது. மானி சரியாகக் காட்டுகிறதா என்று சோதிப்பதும் சுலபம். ஒரு மூடியில் சமையல் உப்பைக் கொட்டி, குழையும் அளவு தண்ணீர் விட்டு, மானியோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் பையில் இறுக மூடி ஓர் இரவு விட்டால் 75 காட்ட வேண்டும். எத்தனை குறைகிறதோ கூடுகிறதோ, அதுதான் அந்த மானியின் பிழை.

பெட்டகத்தை விற்பவர்களே இந்த மானியையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன? எஃகின் தடிமனையும் பூட்டின் பெருமையையும் பேசுபவர்கள், உள்ளே இருக்கும் காற்றைப் பற்றியும் ஒரு வரி சொல்லலாம். உள்ளே இருப்பது துருப்பிடிக்காது என்ற நம்பிக்கை இருந்தால்தான் கதவைப் பூட்டி வைப்பார்கள். பூட்டி வைத்தால்தான் வீட்டில் இருக்கும் குழந்தை பத்திரமாக இருக்கும்.