கனமானவை மெதுவானவையா?

யானை அசைந்து வரும். அணில் துள்ளி ஓடும். நம் பேச்சில் இந்த இரண்டு வினைச்சொற்களும் இப்படித்தான் பங்கு போடப்பட்டிருக்கின்றன. பெருத்த உடம்புக்கு வலிமை உண்டு, வேகம் கிடையாது என்பது நாம் எப்போதோ எழுதிவிட்ட தீர்ப்பு. பள்ளி மைதானத்திலும் இதே கதைதான். கனத்த மாணவனைக் கண்டதும் "குண்டு எறியப் போ" என்கிறோம். அவனை ஓடவிட்டு நேரம் பார்ப்பதில்லை. இந்தத் தீர்ப்பு தவறானது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரத்திலோ அது ஆபத்தானதும்கூட என்பது என் கருத்து.

முதலில் ஒரு குத்துச்சண்டை வீரரைப் பார்ப்போம். 1980-இல் முகமது அலி சென்னைக்கு வந்து, நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிசுடன் காட்சிப் போட்டி ஆடினார். அலி அதிக எடைப் பிரிவைச் சேர்ந்தவர். அவருடைய வேகத்தை உலகமே புகழ்ந்தது. ஆனால் அவரை விதிவிலக்கு என்று ஒதுக்கிவிட்டோம். அதே பிரிவில் பிரிட்டனின் பிராங்க் புருனோவைப் பற்றிப் பேசியவர்கள் பெரும்பாலும் அவருடைய பலத்தைத்தான் பேசினார்கள். 1995-இல் உலகப் பட்டம் வென்றவர் அவர். அதற்குப் பத்து ஆண்டுகள் முன்பே, 1985-இல், லாஃப்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவருடைய குத்தை அளந்துவிட்டார்கள். கருவிகள் பொருத்தி ஊசல்போல் தொங்கவிட்ட ஒரு கனமான இலக்கை அவர் குத்தினார். கை புறப்பட்டு 0.1 விநாடிக்குள் 49 சென்டிமீட்டர் கடந்தது. இலக்கைத் தொட்டபோது அதன் வேகம் விநாடிக்கு 8.9 மீட்டர். தொட்டபின் 14 மில்லி விநாடிக்குள் விசை 0.4 டன்னை எட்டியது.

விநாடிக்கு 8.9 மீட்டர் என்பது மணிக்கு 32 கிலோமீட்டர்தான். சைக்கிளில் இறக்கத்தில் போகும் வேகம். "இவ்வளவுதானா?" என்று கேட்காதீர்கள். அசையாமல் இருந்த கை அரை மீட்டருக்குள் அந்த வேகத்தை எட்டியிருக்கிறது. 8.9-ஐ 0.1-ஆல் வகுத்துப் பாருங்கள்: முடுக்கம் 89 வருகிறது. புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் ஏறத்தாழ 9 மடங்கு! ஒன்றைக் கண்ணால் கண்டு உடலை அசைக்க நமக்குச் சுமார் 0.2 விநாடி ஆகும். 0.1 விநாடியில் வந்து சேரும் குத்தைப் பார்த்த பிறகு விலக முடியாது. 'வெறும் பலசாலி'யின் கை அது.

நியூட்டனின் இரண்டாம் விதி இங்கே நம்மைக் குழப்பிவிடுகிறது. நிறை கூடினால் முடுக்கம் குறையும் என்று படித்திருக்கிறோம். உண்மைதான், விசை மாறாமல் இருந்தால். கனத்த உடம்பில் தசையும் பெரிது, எனவே விசையும் பெரிது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் ஆடிப்பூரத் தேரை நகர்த்த எத்தனை கைகள் வடம் பிடிக்கின்றன! நகர்ந்த பிறகோ, அதை நிறுத்துவதுதான் பெரும்பாடு. நிறை சொல்வது இதுதான்: புறப்படுவது கடினம், நிற்பதும் கடினம். வேகமாகப் போகவே முடியாது என்று அது சொல்லவில்லை.

இனி மலைக்குப் போவோம். ஸ்ரீவில்லிபுத்தூர் சரணாலயம் சாம்பல் நிற மலை அணிலின் பெயரைத் தாங்கியது. 2021-இல் அது ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதியாயிற்று. பெயர்ப்பலகையில் அணிலும் புலியும் இருந்தாலும், செண்பகத்தோப்பிலும் ராஜபாளையம் அய்யனார் கோயில் பக்கத்திலும் மாந்தோப்பு, தென்னந்தோப்புக்காரர்கள் இரவில் காதைத் தீட்டி வைத்திருப்பது யானைக்காகத்தான்.

அந்த யானை எவ்வளவு வேகமாக வரும்? 2003-இல் ஜான் ஹட்சின்சனும் அவருடைய குழுவினரும் தாய்லாந்தில் ஆசிய யானைகளின் மூட்டுகளில் வண்ணப் புள்ளிகள் இட்டு, ஓடவிட்டுப் படம் பிடித்தார்கள். நான்கு கால்களும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழுவதே இல்லை. அப்படியானால் அது நடைதானே என்று கேட்கலாம். அந்த 'நடை'யின் உச்சவேகம் விநாடிக்கு 6.8 மீட்டர், மணிக்கு ஏறக்குறைய 25 கிலோமீட்டர்! 100 மீட்டருக்கு 15 விநாடிகூட ஆகாது. உங்கள் வகுப்பில் 100 மீட்டரை 15 விநாடியில் ஓடுபவர்கள் எத்தனை பேர்? அதுவும் சமமான மைதானத்தில், பகலில். உழுத தோப்பில், செருப்புக்காலுடன், இருட்டில் என்றால்?

இவ்வளவு வேகம் நம் கண்ணுக்கு ஏன் தெரிவதில்லை? நாம் வேகத்தை மீட்டரில் பார்ப்பதில்லை. அந்தப் பொருளின் சொந்த நீளத்தை வைத்தே மதிப்பிடுகிறோம். 15 சென்டிமீட்டர் அணில் விநாடிக்கு 3 மீட்டர் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். தன் நீளத்தைப் போல் 20 மடங்கு ஓடிவிட்டது! 3 மீட்டர் நீள யானை 6.8 மீட்டர் சென்றாலும் இரண்டு மடங்குக்குச் சற்று மேல்தான். நீண்ட கால்கள் எட்டிவைப்பதால் அடிகளும் குறைவாகவே தெரியும். ரயிலும் இப்படித்தான் ஏமாற்றுகிறது. பெரிய பொருள் மெதுவாக வருவதாகத் தோன்றுவதே ரயில்வே கேட் விபத்துகளுக்கு ஒரு காரணம் என்று அமெரிக்க உளவியலறிஞர் லீபோவிட்ஸ் 1985-இல் எழுதினார். (புருனோவின் குத்தை அளந்ததும் அதே ஆண்டு!) ராஜபாளையத்தைக் கடக்கும் பொதிகை விரைவு வண்டியைத் தொலைவில் கண்டு "இன்னும் நேரம் இருக்கிறது" என்று நினைப்பவரின் கண் செய்யும் பிழையும் இதுவே.

நேராக எதிரே வரும்போது இன்னொரு சங்கடம். தூரம் பாதியானால்தான் உருவம் இரட்டிப்பாகும். 100 மீட்டரில் நிற்கும் யானை 50 மீட்டருக்கு வர 7 விநாடிக்கு மேல் ஆகிறது. அத்தனை நேரத்தில் உருவம் ஒரு முறைதான் இரட்டிக்கிறது. 10 மீட்டரிலிருந்து 5 மீட்டருக்கு வர முக்கால் விநாடி போதும். கைபேசியில் படம் எடுத்துக்கொண்டிருப்பவருக்கு யானை நெடுநேரம் அங்கேயே நிற்பதுபோல் இருக்கும். பிறகு விலக நேரம் இருக்காது.

ஆகவே அடிவார எச்சரிக்கைப் பலகைகளில் 'யானைகள் நடமாடும் பகுதி' என்று மட்டும் எழுதினால் போதாது. 'நடமாடும்' என்ற சொல்லே நம்மை மெத்தனமாக்குகிறது. '100 மீட்டர் – 15 விநாடி' என்று எண்ணில் எழுத வேண்டும். சென்னையிலிருந்து புறப்பட்ட ரயிலைப் பற்றிய கணக்கைச் சற்றே ஓய்வெடுக்கவிட்டு, இவ்விரு ஊர்ப் பள்ளிகளிலும் இந்தக் கணக்கைக் கொடுக்கலாம். மைதானத்தில் 30 மீட்டர் அளந்து கோடு போடுங்கள். ஒவ்வொருவராக ஓடி நேரத்தைக் குறியுங்கள். குண்டு எறிய அனுப்பப்பட்ட நண்பரையும் மறக்காமல் ஓடவிடுங்கள். யானைக்கு ஆகும் நேரம் 4.4 விநாடி. அதைப் பட்டியலின் முதல் வரியில் எழுதிவிட்டு ஓடத் தொடங்குங்கள்.