எலெக்ட்ரிக் கார்: வீட்டில் சார்ஜ் போட்டால் எவ்வளவு மிச்சம்? 500 யூனிட்டைத் தாண்டினால் என்ன ஆகும்?

தென்காசி மாவட்டம் ஆழ்வார்குறிச்சியிலிருந்து அம்பாசமுத்திரம் வழியாக நெல்லை போய்வர ஏறக்குறைய 100 கி.மீ. யூனிட்டுக்கு 7 கி.மீ. ஓடும் எலெக்ட்ரிக் காருக்கு இதற்குச் சுமார் 14 யூனிட் வேண்டும்.

தனியார் ஃபாஸ்ட் சார்ஜிங் நிலையத்தில் யூனிட் 20 ரூபாய் என்றால், 18% ஜி.எஸ்.டி. சேர்த்து 330 ரூபாய். வீட்டு மின்சாரத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. அப்போ வீடுதான் மலிவு. ஆனால் எவ்வளவு மலிவு என்பது கரண்ட் பில்லைப் பொறுத்தது.

2 மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம்தான். அது ஃபேன், ஃபிரிட்ஜுக்கே தீர்ந்துபோகும், காருக்கு மிஞ்சாது. மாதம் 4 தடவை நெல்லை போய்வந்தால் 2 மாதக் கணக்கில் 112 யூனிட் கூடும். ஏ.சி. ஓடி ஏற்கெனவே 450 யூனிட் ஆகும் வீடு 500-ஐத் தாண்டிவிடும்.

இங்கதான் சிக்கல். 500-க்குள் இருந்தவரை 101 முதல் 200 யூனிட் வரை கிடைத்த பாதி விலைச் சலுகை போய்விடும். 501-லிருந்து யூனிட் 8 ரூபாய்க்கு மேல். இதையெல்லாம் காரின் தலையில் கட்டினாலும் ஒரு பயணத்துக்கு 150 ரூபாய்க்குள்தான் வருகிறது. ஃபாஸ்ட் சார்ஜிங்கில் பாதிகூட இல்லை.

15 ஆம்பியர் பிளக், சரியான எர்த் போடும் செலவு தனி. சென்னை வரை போகும் நாளில் நெடுஞ்சாலை சார்ஜரைத் தவிர்க்க முடியாது. ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை அதிகம் இல்லை, முழு சார்ஜுக்கே 3 யூனிட் அளவில்தான் ஆகும்.