யாருடைய நட்டம் நட்டம்?



இந்த வருஷம் நான் சர்வதேச வணிகச் சட்டம் படிக்கிறன். கூடவே பழைய இந்திய வணிக மரபு பற்றியும் ஒரு பாடம். "நாங்கள் அப்பவே சுதந்திர வர்த்தகம் செய்தனாங்கள்" எண்டு பெருமை பேசத்தான் இந்த மரபைக் கனபேர் தூக்கிப் பிடிக்கினம். அந்தப் பெருமைக்கு ஆதாரம் குறைவு. அர்த்தசாஸ்திரம் வியாபாரியின் இலாபத்துக்கே எல்லை போட்டது: உள்ளூர்ப் பொருளுக்கு 5 வீதம், வெளிநாட்டுப் பொருளுக்கு 10 வீதம்.

ஆனால் இரண்டையும் பக்கத்தில பக்கத்தில வைத்துப் படிக்கவேணும். ஏனெண்டால் இரண்டிலும் ஒரே கேள்வி இருக்கு: யாருடைய நட்டத்தைச் சட்டம் கணக்கில் எடுக்குது?

ஆந்திரக் கரையில் மோட்டுப்பள்ளி எண்ட துறைமுகம் இருந்தது. 1244-45இல் காகதீய அரசன் கணபதிதேவன் அங்கே ஒரு கல்வெட்டுப் பொறித்தான். புயலில் கரையொதுங்கிய கப்பல்களின் சரக்கை முந்திய அரசர்கள் பறித்தார்கள். இனிமேல் சுங்கம் மட்டுமே எடுப்போம், மிச்சம் வணிகருக்கே என்பது அவன் கொடுத்த உறுதி. நல்ல சட்டம்தான். ஆனால் அது காப்பாற்றுவது சரக்கை, அந்தக் கப்பலில் துடுப்புப் போட்டவனை இல்லை.

இப்ப எங்கட காலத்துக்கு வருவம். 1987 ஜனவரி 28. மட்டக்களப்பு கொக்கட்டிச்சோலைப் பகுதி. இலங்கைப் பாதுகாப்புப் படைகளின் நடவடிக்கையில் ஓர் இறால் பண்ணை அழிந்தது. பண்ணைத் தொழிலாளர்களும் ஊர்ச் சனமும் கொல்லப்பட்டார்கள். பண்ணையில் பங்கு வைத்திருந்த ஹொங்கொங் நிறுவனம், 1980ஆம் ஆண்டின் பிரித்தானிய–இலங்கை முதலீட்டு ஒப்பந்தத்தைக் காட்டி, உலக வங்கியின் முதலீட்டுத் தகராறு மையத்துக்குப் போனது. சொத்தைக் காக்கத் தேவையான முன்னெச்சரிக்கையை அரசு எடுக்கவில்லை என்று 1990இல் தீர்ப்பு வந்தது. நட்டஈடு 460,000 அமெரிக்க டொலரும் வட்டியும். இப்படியான ஒப்பந்தம் ஒன்றை மட்டுமே வைத்து ஒரு முதலீட்டாளர் அரசுக்கு எதிராக வென்ற முதல் வழக்கு இது. சட்ட மாணவர் எல்லாரும் படிக்கிற வழக்கு.

கொல்லப்பட்டவர்களின் குடும்பங்களுக்கு அந்த மண்டபத்தில் கதிரை இல்லை. நீதிபதிகள் மறந்ததால் இல்லை. ஒப்பந்தம் வழக்குப் போடும் உரிமையை முதலீட்டாளருக்கு மட்டும்தான் கொடுத்தது. ஒரே நாள், ஒரே இடம், ஒரே படை. இறாலுக்கு விலை போட ஒரு தீர்ப்பாயம் இருந்தது, ஆளுக்கு இல்லை.

எழுநூறு வருஷத்தில் கல்வெட்டு ஒப்பந்தமாக மாறியிருக்கு. பாதுகாப்பு இன்னும் சரக்குக்குத்தான். "பழைய மரபு எங்களுடையது" எண்டு சொல்லுறதால இது மாறாது.

நாங்கள் வாழுற நாடுகள்தான் இந்த ஒப்பந்தங்களை எழுதுது. அடுத்த முறை உங்கட அரசு ஏதாவது ஒரு தெற்கு நாட்டோட கையெழுத்துப் போடேக்க, தகராறு தீர்க்கும் அத்தியாயத்தை முதலில் வாசியுங்கோ. ஆர் வழக்குப் போடலாம் எண்டு பாருங்கோ. தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் இல்லாத கதவு கம்பனிக்கு மட்டும் திறந்திருந்தால், உங்கட நாடாளுமன்ற உறுப்பினரிட்டப் போய்க் கேளுங்கோ. அந்தக் கதவைப் பூட்டச் சொல்லி அமைப்பாய்ச் சேர்ந்து கேட்பம்.