கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு கடல்: அழகும் அமானிதமும்

அல்லாஹ்வின் திருப்பெயரால்...

 

சென்ற கோடை விடுமுறையில் ஒருநாள், அஸர் தொழுகைக்குப் பின் மக்தப் வகுப்பு முடிந்து பிள்ளைகள் கலைந்துகொண்டிருந்தனர். எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் மட்டும் குர்ஆனை உறையிலிட்டு வைத்துவிட்டுத் தயங்கி நின்றான். "ஹஜ்ரத், வீட்டுல வளர்த்த மீனு செத்துப்போச்சுன்னா, மறுமையில அல்லாஹ் நம்மளக் கேப்பானா?" என்று கேட்டான்.

விசாரித்தபோது விவரம் தெரிந்தது. வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்த அவனுடைய அத்தா, பிள்ளைகளின் ஆசைக்காக வீட்டில் கடல்நீர் மீன்தொட்டி ஒன்றை அமைத்திருந்தார். துபாயின் பெரிய வணிக வளாகத்தில் ஒரு கோடி லிட்டர் கடல்நீரில் மீன்கள் நீந்தும் காட்சியைக் கண்டு வியந்தவர் அவர். அதில் ஒரு துளியேனும் நம் வ. புதுப்பட்டிக்கு வரட்டும் என்று எண்ணியதில் தவறேதும் இல்லை. மூன்றடி நீளத் தொட்டி, இரண்டு கோமாளி மீன்கள், ஒரு நீல மீன், சில பவளத் துண்டுகள் என எல்லாம் ஒரே வாரத்தில் வந்து சேர்ந்தன. மூன்றாம் வாரத்தில் ஒன்றும் மிஞ்சவில்லை. சிறுவன் 'நீமோ' என்று பெயரிட்டிருந்த மீன்தான் கடைசியாக இறந்ததாம்.

இது ஒரு வீட்டின் கதை மட்டுமன்று. வசதி சற்றுக் கூடியதும் வரவேற்பறையில் பவளப்பாறைத் தொட்டி வைக்கும் ஆர்வம் நம் குடும்பங்கள் பலவற்றில் வளர்ந்து வருகிறது. ஆகவே, இதைப் பற்றி மார்க்கத்தின் வெளிச்சத்தில் நாம் சற்றுச் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

வளர்ப்பது கூடுமா?

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுவோம். அழகுக்காக மீன் வளர்ப்பது ஹராம் அன்று. அனஸ் (ரலி) அவர்களின் இளைய சகோதரர் அபூ உமைர், சிறு பறவை ஒன்றை வைத்து விளையாடி வந்தார். அது இறந்து அவர் வருந்தியிருந்தபோது, நபி (ஸல்) அவர்கள் அப்பறவையைப் பற்றி அன்போடு விசாரித்து அவரைத் தேற்றினார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்களில் பதிவாகியுள்ள இச்செய்தியைக் கொண்டு, துன்புறுத்தாமல் பராமரிக்கும் நிபந்தனையுடன் பறவைகளை வளர்க்கலாம் என மார்க்க அறிஞர்கள் விளக்கியுள்ளனர். மீனுக்கும் அதே அளவுகோல்தான். நம் பேச்சு அந்த நிபந்தனையைப் பற்றியதே.

பூனையைக் கட்டி வைத்துப் பட்டினியால் சாகவிட்ட பெண்ணைப் பற்றிய ஹதீஸை அறியாதவர் நம்மில் இல்லை. அவள் தண்டிக்கப்பட்டதற்கான காரணத்தை ஊன்றிக் கவனிக்க வேண்டும். அவள் அதற்கு உணவும் கொடுக்கவில்லை. தானே இரை தேடிக்கொள்ளட்டும் என்று அவிழ்த்தும் விடவில்லை. அவளுக்கு முன் இரண்டு வாசல்கள் திறந்திருந்தன. இரண்டையும் அவளே அடைத்தாள்.

கடல்மீனை நம் ஊருக்குக் கொண்டுவந்தவருக்கோ இரண்டாம் வாசல் இல்லவே இல்லை. பிளவக்கல் அணையிலோ ஊர்க் கண்மாயிலோ விட்டால் நன்னீரில் அது மாண்டுபோகும். கடலோ மணிக்கணக்கான பயணத் தொலைவில் இருக்கிறது. கடலோரத்திலேயே வாழ்ந்தாலும், தொட்டியில் இருந்த மீனைக் கடலில் விடுவது அங்குள்ள உயிர்களுக்கு நோயைக் கொண்டு சேர்க்கக்கூடும். ஆகவே, அதற்கு எஞ்சியிருப்பது முதல் வாசல் ஒன்றே. அது நம் பராமரிப்பு. 'முடியாவிட்டால் விட்டுவிடலாம்' என்ற எண்ணத்தோடு இதில் எவரும் இறங்க இயலாது. எனவேதான் இதை நாம் பொழுதுபோக்கு என்று சொல்லாமல் அமானிதம் என்கிறோம்.

அந்த மீன்கள் ஏன் இறந்தன?

சிறுவனின் வீட்டில் நடந்தது அலட்சியம் அன்று, அறியாமை. மாலையில் தொட்டியில் நீர் நிரப்பி உப்பைக் கலக்கினர். மறுநாளே மீன்களை விட்டனர். விற்றவரும் ஒன்றும் சொல்லவில்லை, வாங்கியவரும் கேட்கவில்லை.

மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய உணவிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. அது கொடிய நஞ்சு. ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இந்தக் கண்ணுக்குத் தெரியாத ஊழியர்கள் புதிய தொட்டியில் இருப்பதில்லை. கல்லிலும் மணலிலும் அவை குடியேறிப் பெருக வழக்கமாக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதுவரை தொட்டியில் மீன் விடாமல் காத்திருப்பதே முறை. அந்த வீட்டு மீன்கள் தம் கழிவிலேயே மூச்சுத் திணறின.

பவளத்தின் கதை வேறு. பவளம் கல் அன்று, செடியும் அன்று. அது ஓர் உயிரினம். அதன் திசுக்களுக்குள் நுண்ணிய பாசிகள் குடியிருந்து, ஒளியைக் கொண்டு உணவு சமைத்து அதற்கு ஊட்டுகின்றன. ஏறத்தாழ 25 முதல் 27 டிகிரி வெப்பமே அதற்கு இதம். நீரின் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டி நீடித்தால் பாசிகள் வெளியேறிவிடும். பவளம் வெளுத்துப் பட்டினியால் மடியும். நம் ஊரின் மே மாத வெயிலில், குளிரூட்டும் சில்லர் இல்லாத தொட்டியின் நீர் எந்த அளவுக்குச் சூடேறும் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை. போதாக்குறைக்கு மின்தடை. பம்பு நின்றால் நீரோட்டம் நிற்கும். சில மணி நேரத்தில் ஆக்சிஜன் குறைந்துவிடும்.

மீஸான் எனும் சமநிலை

சூரா அர்ரஹ்மானில் அல்லாஹ் வானத்தை உயர்த்தியதையும் தராசை நிறுவியதையும் கூறி, அதில் வரம்பு மீற வேண்டாம் என எச்சரிக்கிறான். அதே சூராவில்தான் முத்தும் பவளமும் அவனுடைய அருட்கொடைகளாக நினைவூட்டப்படுகின்றன. அந்தத் தராசின் நுட்பத்தைப் பவளத் தொட்டியைப் போல் கண்முன் காட்டுவது அரிது.

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. மூன்றடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் கொண்ட தொட்டி சுமார் 190 லிட்டர் கொள்ளும். அதற்கு ஆறரைக் கிலோவுக்கும் அதிகமான உப்புக்கலவை வேண்டும். சமையல் உப்பு இதற்கு உதவாது. கால்சியம், மக்னீசியம் உள்ளிட்டவை கலந்த தனிக் கலவை தேவை. நாள்தோறும் ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு தங்கிவிடும். எனவே குறைந்த அளவுக்கு உப்பில்லாத தூய நீரையே ஊற்ற வேண்டும். அங்கே உப்புநீரை ஊற்றினால் நாளுக்கு நாள் உவர்ப்பு ஏறி மீன்கள் துன்புறும். வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றுவதென்றால் ஆண்டுக்கு 34 கிலோ அளவுக்கு உப்புக்கலவை செலவாகும். கல்பவளம் தன் எலும்புக்கூட்டைக் கட்டிக்கொள்ள லிட்டருக்கு 400 மில்லிகிராமுக்குக் குறையாத கால்சியமும், அதற்கு ஏற்ற காரத்தன்மையும் குறையாமல் இருக்க வேண்டும்.

இத்தனையையும் சோதனைக் குப்பிகளை வைத்து வாரந்தோறும் அளக்கும் மனிதர், கடலில் இவற்றை யார் அளந்து வைத்தான் என்று ஒருமுறையேனும் எண்ணாமல் இருக்க முடியுமா? 190 லிட்டரைக் காக்க நாம் இத்தனை பாடுபடுகிறோம். கடல்கள் அனைத்தையும் அவன் சோர்வின்றிக் காக்கிறான். ஸுப்ஹானல்லாஹ்! இந்தப் படிப்பினைக்காகவே வளர்க்கிறோம் என்போரை நாம் மதிக்கிறோம். ஆனால், சாகவிட்டுப் பெறும் படிப்பினை நமக்கு வேண்டாம்.

கடலின் வீட்டைக் கலைக்காதீர்கள்

இந்தத் தொட்டிகளுக்குப் பவளம் எங்கிருந்து வருகிறது? நமக்கு அண்மையில் உள்ளது மன்னார் வளைகுடா. இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே மண்டபம், கீழக்கரை, வேம்பார், தூத்துக்குடி என நான்கு தொகுதிகளாக 21 தீவுகள். 1986-இல் அது கடல்சார் தேசியப் பூங்காவாகவும், 1989-இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. நம் மரைக்காயர்கள் தலைமுறை தலைமுறையாக முத்தும் சங்கும் வணிகம் செய்த கடல் அது.

அக்கடலில் சுண்ணாம்புக்காகவும் கட்டடக் கல்லுக்காகவும் பவளப்பாறைகள் பல்லாண்டுகளாக வெட்டி எடுக்கப்பட்டன. அலையைத் தடுக்கும் அரண் போயிற்று. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்னும் இரு தீவுகள் நீருக்குள் மூழ்கிவிட்டன. எஞ்சிய பாறைகளும் 2010-இலும் 2016-இலும் கடல் சூடேறியபோது வெளுத்துப் பெரும் இழப்பைச் சந்தித்தன. பாறையாகத் திரளும் பவளங்களில் பல ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளர்பவை. ஒரு கைப்பிடி உடைத்தால் அது பல்லாண்டுக் கட்டுமானம்.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-இல் கல்பவளங்களும் கடல் குதிரைகளும் சேர்க்கப்பட்டன. புலிக்கு என்ன பாதுகாப்போ அதுவே அவற்றுக்கும். கடலிலிருந்து எடுத்துவந்து கண்ணாடி அலமாரியில் அழகுக்கு வைக்கும் காய்ந்த பவளத் துண்டுக்கும் இது பொருந்தும். வெளிநாட்டிலிருந்து வரும் கல்பவளத்துக்கு முறையான அனுமதி ஆவணங்கள் வேண்டும். 'கடைக்காரர் கொடுத்தார், வாங்கினோம்' என்ற பதில் சட்டத்தின் முன் நிற்காது. ஹலால் உணவுக்குச் சான்று கேட்கும் நாம், இதற்கும் சான்று கேட்க வேண்டாமா?

ஒரு பயணத்தில் தோழர்கள் சிலர் ஒரு பறவையின் இரு குஞ்சுகளை எடுத்துவிட்டபோது, தாய்ப்பறவை தவித்துச் சிறகடித்ததைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், குஞ்சுகளைத் திரும்பச் சேர்க்குமாறு கட்டளையிட்டார்கள். அபூதாவூதில் இச்செய்தி உள்ளது. பறவைக்குச் சிறகு இருந்தது, தவிப்பைக் காட்டிற்று. மீனும் பவளமும் தவிப்பைக் காட்ட இயலாதவை. அதனால் நம் பொறுப்பு கூடுமே தவிரக் குறையாது.

"மீனைச் சாப்பிடுகிறோமே?"

சிலர் இப்படிக் கேட்கக்கூடும்: "வாரந்தோறும் மீன் வாங்கிச் சமைக்கிறோம். தொட்டியில் இரண்டு மீன் செத்ததற்கு இவ்வளவு பேச்சா?" நியாயமான கேள்விதான். உணவுக்காகப் பிடிப்பது அல்லாஹ் வழங்கிய அனுமதி. அதற்கு ஒரு தேவை உண்டு, ஒரு பயன் உண்டு. அறுக்கும்போதுகூடக் கத்தியைக் கூர்மையாக்கி வேதனையைக் குறைக்கக் கற்றுத்தந்த மார்க்கம் இது. பயனேதும் இன்றி, நாள் கணக்கில் நஞ்சு நீரில் ஓர் உயிரை வாட்டுவதை அந்த அனுமதியில் எப்படிச் சேர்ப்பது? வீண் விரயம் செய்வோரை ஷைத்தானின் சகோதரர்கள் என்று கண்டிக்கும் இறைவன், உயிரை விரயமாக்குவதை எளிதாகவா எடுத்துக்கொள்வான்?

நாம் சொல்வது என்ன?

நம் கருத்து இதுதான். பெரும்பாலான குடும்பங்களுக்குப் பவளப்பாறைத் தொட்டி உகந்ததன்று. நாள்தோறும் அரைமணி நேரம் ஒதுக்க இயலாதவரும், விடுப்பு முடிந்து வெளிநாடு திரும்பிவிடுபவரும் இதைத் தொடங்க வேண்டாம். பொறுப்பை ஏற்கக் கூடியவர் வீட்டில் நிலையாக இருப்பவராயிருக்க வேண்டும். அதைப் பிள்ளையின் தலையில் சுமத்தக் கூடாது.

அப்படி ஒருவர் இருந்து, தொடங்கியே தீருவது என்றால், சிலவற்றைக் கடமையாகக் கொள்ளட்டும். குழாய்நீரும் ஆழ்குழாய் நீரும் வேண்டாம்; ஆர்.ஓ. முறையில் நன்கு வடித்த நீரையே பயன்படுத்தட்டும்; அதில் கழியும் நீரை வீணாக்காமல் வீடு கழுவவும் தென்னைக்கும் விடட்டும். மீன் வாங்கும் முன் தொட்டியைப் பக்குவப்படுத்தி, அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லை என்று சோதித்து உறுதிசெய்யட்டும். பம்புக்கு இன்வெர்ட்டர் இணைப்பு இருக்கட்டும். கடலில் பிடித்தவற்றை விடுத்து, குஞ்சு பொரிப்பகத்தில் பிறந்த மீன்களைக் கேட்டு வாங்கட்டும். கோமாளி மீன்களை வளர்ப்பிலேயே இனப்பெருக்கம் செய்யும் முறையை மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய மையமும், பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் செய்துகாட்டியுள்ளன. அந்த மீன்கள் நன்கு பேணினால் பத்தாண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியவை. முதல் ஓராண்டு கல்லும் மீனும் மட்டும் போதும்; பவளத்தைப் பற்றி அதன் பிறகு, ஆவணங்களோடு சிந்திக்கலாம்.

மற்றவர்கள் நன்னீர்த் தொட்டியோடு நிறைவடையட்டும். பிள்ளைகளுக்குப் பவளத்தைக் காட்ட வேண்டுமெனில், மண்டபம், பாம்பன் பக்கம் அழைத்துச் செல்லுங்கள். படைத்தவன் வைத்த இடத்திலேயே அவன் படைப்பைக் காண்பது தொட்டியில் காண்பதைவிடச் சிறந்தது.

அந்தச் சிறுவனுக்கு நாம் சொன்ன பதிலையும் கூறிவிடுகிறோம். "உன்ன அல்லாஹ் கேக்க மாட்டான் வாப்பா. நீ சின்னப் புள்ள. உன் மேல எழுதப்படாது. பெரியவங்க எங்களத்தான் கேப்பான்" என்றோம். அவன் முகம் தெளிந்தது. பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த அவனுடைய அத்தாவின் முகம் தெளியவில்லை. சில நாள்களில் அவர் அந்தத் தொட்டியைக் கழுவி, நன்னீர் நிரப்பினார். இரண்டு வாரங்கள் அதை வெறுமையாகவே ஓடவிட்டார். "எப்ப மீனு வாங்குறது?" என்று மகன் நச்சரித்தபோது, "இன்னும் தண்ணி தயாராகல" என்றாராம். அந்த ஒரு சொல்லில் அவர் பொறுமையையும் பொறுப்பையும் மகனுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டார் என்றே நாம் கருதுகிறோம்.

நம் பொறுப்பில் உள்ள ஒவ்வோர் உயிரிடமும் இரக்கத்தோடு நடந்துகொள்ளும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன். அல்லாஹ்வே யாவற்றையும் நன்கறிந்தவன்.

வஸ்ஸலாம்.