செத்தவன் பேரில் ஓட்டு

இப்போது உலகத்தில் ஒரு புது வியாபாரம் நடந்து வருகின்றது. அதாவது, ஒருவர் பல வருஷ காலம் பாடுபட்டு நடத்திப் பின்னர் கைவிட்டுவிட்ட இணையதளத்தின் விலாசத்தை மற்றொருவர் விலைக்கு வாங்கி, அந்த விலாசத்துக்குத் தேடுபொறியில் இருக்கின்ற மதிப்பைத் தம்முடைய வேறொரு கடைக்குத் திருப்பி விட்டுக் கொள்ளுவதாகும். இதைச் செய்கின்றவர்கள் இதற்குச் “சாமர்த்தியம்” என்று பேர் வைத்திருக்கிறார்கள். நாம் இதைப் பித்தலாட்டம் என்றே சொல்லுகிறோம். நாம் சொல்லுகிறோம் என்பதற்காக யாரும் இதை ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. வாசகர்கள் தங்கள் சொந்தப் புத்தியைக் கொண்டே ஆராய்ந்து பார்க்கட்டும்.

முதலாவது, இந்த மதிப்பு எப்படி உண்டாகின்றது? அமெரிக்காவில் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் படித்துக் கொண்டிருந்த லாரி பேஜ், செர்கே பிரின் என்ற இரண்டு வாலிபர்கள் 1998ல் ஒரு முறையை வெளியிட்டார்கள். ஒரு பக்கத்தை எத்தனை பக்கங்கள் சுட்டிக் காட்டுகின்றன, சுட்டிக் காட்டுகின்றவர்களின் யோக்கியதை எப்படிப்பட்டது என்பதைக் கொண்டு வரிசைப்படுத்துவதே அம்முறை. கூகிள் அதிலிருந்து பிறந்ததுதான். ஆகவே ஒவ்வொரு சுட்டும் ஒரு ஓட்டு மாதிரி. ஓட்டுப் போடுவது சர்வகலாசாலையானால், நல்ல பத்திரிகையானால், அந்த ஓட்டுக்குக் கனம் அதிகம். இன்று அந்தக் கம்பெனியார் பார்க்கின்ற அடையாளங்கள் எத்தனையோ இருந்தாலும் இந்த ஓட்டின் கனம் அடியோடு போய்விடவில்லை.

நிற்க, விலாசம் என்பது யாருக்கும் சாசுவதச் சொத்து அல்ல. அது குத்தகை மாதிரி. “டாட் காம்” விலாசத்தை ஒரே தடவையில் 10 வருஷத்துக்கு மேல் பதிவு செய்ய முடியாது. பணம் கட்டத் தவறினால் சில காலம் சாவகாசம். பிறகு கூடுதல் தொகை கட்டி மீட்டுக் கொள்ள 30 நாள். பிறகு 5 நாள். அவ்வளவுதான், எவன் வேண்டுமானாலும் எடுத்துக் கொள்ளலாம். இதற்கென்றே ஏலம் போடுகிற இடங்களும் இருக்கின்றன. எடுத்தவன் பழைய வாசற்படியில் “301” என்ற குறியை வைத்து விடுகிறான். “நிரந்தரமாய் இடம் மாறிவிட்டோம்” என்பது அதன் அர்த்தம். பழையவருக்கு விழுந்த ஓட்டெல்லாம் தன் பெட்டியில் வந்து விழவேண்டும் என்பது அவன் எண்ணம்.

அந்தக் குறியே குற்றம் என்று நாம் சொல்லவில்லை. நமது ஊரையே பாருங்கள். 2006ல் பாண்டிச்சேரி என்ற பேர் சட்டப்படி புதுச்சேரி என்று ஆயிற்று. துய்ப்ளேக்ஸ் வீதி நேரு வீதி ஆயிற்று. பழைய பேர் எழுதிய கடிதத்தைத் தபால்காரர் அதே வீட்டில் அதே ஆளிடம் கொடுத்தால் அதில் யாருக்கு என்ன நஷ்டம்? பேர் மாறிற்று, ஆள் மாறவில்லை. ஆனால், செத்துப்போன வைத்தியரைத் தேடி வந்த நோயாளியைச் “சார், இடம் மாறிவிட்டோம்” என்று கைபிடித்து அழைத்துப் போய்ச் சூதாடும் இடத்தில் விட்டால் அதற்கு என்ன பேர்?

இது நமது கற்பனை அல்ல. கூகிள் கம்பெனியாரே 2024 மார்ச்சு 5ந் தேதி இதைத் தடுப்பதற்கென்று விதி வெளியிட்டார்கள். அதற்கு அவர்கள் காட்டிய உதாரணங்கள் என்ன? முன்பு வைத்திய தர்மஸ்தாபனமாக இருந்த தளத்தில் மருந்துச் சரக்கு விற்பது. முன்பு ஆரம்பப் பள்ளிக்கூடத்தின் தளமாக இருந்ததில் சூதாட்டம் வைப்பது! அமெரிக்காவில் “தி ஹேர்பின்” என்ற பெண்கள் தளம் 2018ல் நின்றது. பின்னால் அந்த விலாசத்தை வாங்கினவர் அதில் இயந்திரம் எழுதிய கட்டுரைகளைக் கொட்டினார். பெண்கள் எழுதிய பழைய கட்டுரைகளிலேயே அவர்கள் பேரை எடுத்துவிட்டு ஆண்கள் பேரைப் போட்டிருந்ததும் 2024ல் வெளியாயிற்று. பெண் பாடுபட, ஆண் பேர் வாங்குவது என்கிற பழைய வழக்கம் கம்பியூட்டருக்குள்ளும் போய்விட்டது பாருங்கள்!

நமது நாட்டிலும் இதன் தாயாதி இருக்கின்றது. 2024ல் பீகார், கோவா, கர்நாடகம், கேரளம் முதலிய இடங்களின் சர்க்கார் தளங்கள் சிலவற்றின் விலாசங்கள் பந்தயச் சூதாட்டத்துக்குத் திருப்பப்பட்டிருந்தன. அங்கே விலை கொடுத்து வாங்கவில்லை, பூட்டைத் திறந்து புகுந்தார்கள் என்பதுதான் வித்தியாசம். ஏமாந்தவன் நம்பினது சர்க்கார் பேரைத்தான்.

“பணம் கொடுத்துத்தானே வாங்கினேன், இதில் என்ன தப்பு?” என்று கேட்கிறார்கள். பத்திரிகையை வாங்கிப் பத்திரிகையாகவே நடத்து. வேண்டாமென்று யார் சொன்னார்கள்? நீ வாங்கினது பேர்ப்பலகை. ஜனங்களுடைய நம்பிக்கையை உனக்கு விற்றவன் யார்? பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் நமது ஊர்த் தேர்தல்கள் மோசடிக்கும் அடிதடிக்கும் பேர்போனவை. அந்தப் புத்திக்கும் இதற்கும் என்ன பேதம்? கூகிள் கம்பெனியாரும் தப்பித்துக் கொள்ள முடியாது. விதி எழுதினது அவர்கள். அதுவரையில் செத்தவன் பேரிலுள்ள ஓட்டுகளை எண்ணிக் கொண்டிருந்தவர்களும் அவர்களே.

ஆனால் தோழர்களே! பேரைப் பார்த்து மதிக்கிற புத்தி நம்மிடம் இருக்கும் வரையில் பேரை விற்கிறவனும் வாங்குகிறவனும் இருந்து கொண்டேதான் இருப்பார்கள். ஒருவன் இன்னாருக்குப் பிறந்தான் என்பதற்காக அவன் காலில் விழுந்த நாடல்லவா இது? தகப்பன் யோக்கியதை மகனுக்கு வந்துவிடாதது போலவே, பழைய தளத்தின் யோக்கியதை புதிய சொந்தக்காரனுக்கு வந்துவிடாது.

ஆதலால் படிப்பகம், சங்கம், பள்ளிக்கூடம் நடத்துகிறவர்கள் விலாசத்தைக் குமாஸ்தா பேரில் விடாமல் ஸ்தாபனத்தின் பேரிலேயே பதிவு செய்து, தவணையைத் தவறாமல் கட்டி வரவேண்டும். தளத்தை மூடினாலும் விலாசத்தை உடனே விட்டுவிடக் கூடாது. சுட்டிக் காட்டியிருப்பவர்களுக்கு முன்கூட்டியே எழுதிவிட வேண்டும். படிக்கிறவர்களோ, சந்தேகம் தோன்றினால் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற பொதுக் களஞ்சியத்தில் அதே விலாசத்தின் பழைய பக்கங்கள் இருக்கின்றனவா என்று தேடி, அன்றைக்கும் இன்றைக்கும் ஒப்பிட்டுப் பார்க்கலாம், காசு செலவில்லை.

தேடுபொறி முதலில் காட்டினது என்பதற்காக எதையும் நம்பாதீர்கள். யார் சொல்லுகிறான், எதற்காகச் சொல்லுகிறான், இதனால் லாபம் யாருக்கு என்ற மூன்று கேள்விகளைக் கேட்ட பிறகே காசையோ உயிரையோ ஒப்புக் கொடுங்கள்.