காயம் பட்ட மரத்தில் ஒரு கிண்ணம்

சென்ற இதழில் தேங்காய்ச் சிரட்டையில் அகப்பை செய்வது பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வாசகர்கள் சிலர், "மரமும் வண்ண ரெசினும் கலந்து கடைந்த கிண்ணங்களைக் கடைகளில் பார்க்கிறோம். கண்ணாடி போல் பளபளக்கின்றன. அதை நம்மால் செய்ய முடியுமா?" என்று கேட்டிருந்தார்கள். முடியும். நான் ஒன்று செய்து முடித்திருக்கிறேன்; அதற்கு முன் ஒன்றைப் பாழாக்கியும் இருக்கிறேன். இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் மரம். தேக்கைத் தேடி நீங்கள் அலைய வேண்டாம். நம் கண்ணெதிரே நின்ற பால்மரம் போதும். 1877ஆம் ஆண்டு சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த 22 கன்றுகளில் சில பேராக்கிலுள்ள கோலகங்சாருக்குப் போயின. அன்று தொடங்கி நூறாண்டுக்கு மேலாக அந்த மரத்தின் பாலைத்தான் எல்லாரும் பார்த்தார்கள். கட்டையை யாரும் மதிக்கவில்லை. இருபத்தைந்து முப்பது ஆண்டு பால் கொடுத்துச் சலித்த மரத்தைச் சாய்த்தால் அது ஸ்டோர் புகைக்கூண்டுக்கு விறகு, செங்கல் சூளைக்கு விறகு, மிஞ்சினால் நம் வீட்டு அடுப்புக்கு விறகு. வெட்டிய சில நாளில் கட்டையில் நீலக்கறை படரும், வண்டு துளைத்து மாவாக உதிரும் என்பதே அதற்குக் காரணம். அந்தக் கட்டையில் மாவுச்சத்து மிகுதி. பூசணத்துக்கும் வண்டுக்கும் அது விருந்து. போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தில் ஏற்றி, உடனே சூளையில் உலர்த்தினால் கெடாது என்று கண்டபின் கதை மாறியது. 1980களிலிருந்து பால்மரம் மேசையாகவும் நாற்காலியாகவும் கப்பலேறுகிறது. மூவார் பட்டணத்தின் தளவாடத் தொழிலுக்கு இந்தக் கட்டைதான் முதுகெலும்பு.

கடைசலுக்கும் இது இணக்கமான மரம். வெளிர் மஞ்சள் நிறம், உலர்ந்தால் சற்றே இளஞ்சிவப்பு ஓடும். உளிக்குப் பணியும், பிசிறு குறைவு. பாலோடும் குழல்கள் பட்டையில்தான் இருக்கின்றன. ஆகையால் கட்டையைக் கடையும்போது பால் ஒழுகுமோ என்று கேட்பவர்களுக்கு, ஒழுகாது என்பதே பதில்.

நான் எடுத்த கட்டைக்கு ஒரு கதை உண்டு. எங்கள் தோட்டத்தில் கடைசியாக நின்ற பால்மரக் காட்டை 2019இல் சாய்த்துச் செம்பனை போட்டார்கள். அம்மா பல வருடம் நிரை பிடித்து வெட்டிய காடு அது. மில்லுக்குப் போகும் நேர்த்தியான துண்டங்களை லாரியில் ஏற்றிவிட்டு, முண்டும் முடிச்சுமாக இருந்தவற்றை ஓரத்தில் தள்ளியிருந்தார்கள். அதில் இடுப்புயர முண்டு ஒன்று, ஒரு பக்கம் உள்ளே பொந்து. தூக்கிக்கொண்டு வந்து வாசலில் போட்டேன். அம்மா வெளியே வந்து பார்த்தார். குனிந்து கையால் தடவினார்.

"இதை எதுக்குடா தூக்கிட்டு வந்தே? இது காயம்."

பால் வெட்டியவர்களுக்கு அந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். பட்டைக்கும் கட்டைக்கும் இடையில் ஒரு மெல்லிய வளர்படலம் இருக்கிறது. அதன்மேல் ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் பட்டையை விட்டுவைத்து வெட்டினால் புதுப்பட்டை ஒழுங்காக வளரும். கத்தி அதையும் தாண்டி இறங்கிவிட்டால் மரம் தன் புண்ணை மூட முண்டு முண்டாகக் கட்டை போடும். மறுபடி அந்தப் பக்கத்தில் வெட்டும் முறை வரும்போது கத்தி ஓடாது, பால் குறையும். அதனால் தோட்ட நிர்வாகம் காயத்துக்குக் கண்டிப்பாய் இருந்தது. அதில் நியாயம் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் பொழுது விடியுமுன், நெற்றி விளக்கின் வட்ட வெளிச்சத்தில், முதல் நாள் மழையில் ஊறிய பட்டையில், நூற்றுக்கணக்கான மரத்தை ஓட்டமாக ஓடி வெட்டுகிறவரின் கை ஒரு மில்லிமீட்டர் பிசகுவதும் இயற்கைதானே.

அம்மாவுக்கு அந்த மாதம் மூன்று நாள் பேர் போடவில்லையாம். எனக்கு இது அதுவரை தெரியாது. நான் அப்போது பட்டணத்தில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். "தீபாவளிக்கு மயில் கழுத்துக் கலர்ல ஒரு சேலை பாத்து வச்சிருந்தேன். கடைக்காரன்கிட்ட எடுத்து வைக்கவும் சொல்லியிருந்தேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அந்த மரம்தான் இந்த மரமா என்று நான் கேட்கவில்லை. இருநூறு மரத்தில் எதுவோ ஒன்று.

சரி, வேலைக்கு வருவோம். காயத்தின் முண்டுதான் கடைசல்காரனுக்குப் பொக்கிஷம். நேர் மரத்தில் ரேகை நேராக ஓடும். முண்டில் சுழிசுழியாக, ஆற்றுச் சுழல் போல ஓடும்.

கட்டை கிடைத்த அன்றே வெட்டு முனைகளில் சாயமோ மெழுகோ பூசிவிடுங்கள். தெரிந்த மரமில் இருந்தால் அவர்கள் மருந்தேற்றும் தொட்டியில் உங்கள் துண்டையும் சேர்த்துப் போடச் சொல்லிக் கேளுங்கள். எனக்கு ஒரு மில்லில் முகம் சுளிக்காமல் போட்டுக் கொடுத்தார்கள். நேரமில்லை என்று மருந்தேற்றாமல் வைத்த வேறொரு துண்டு, மூன்றே மாதத்தில் சல்லடையானது.

அடுத்தது உலர்த்தல். அவசரக்காரர்கள் தோற்பது இங்கேதான். நம் நாட்டுக் காற்றின் ஈரத்தில், நிழலில் எவ்வளவு காலம் வைத்தாலும் கட்டையில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு போல் ஈரம் நின்றுவிடும். ரெசினுக்கு அது ஆகாது. பன்னிரண்டுக்குக் கீழே, முடிந்தால் பத்துக்குக் கீழே வர வேண்டும். ஈரக்கட்டையில் ஊற்றினால் குமிழி கிளம்பும், பிடிப்பு இராது. பின்னாளில் மரம் சுருங்கி ரெசினை விட்டு விலகும். ஈரம் பார்க்கும் கருவி இல்லாதவர்கள் தராசில் நிறுத்துப் பாருங்கள். உலர்சூளையிலோ, குளிர்சாதனம் ஓடும் அறையிலோ வைத்து வாரம் ஒருமுறை நிறுத்து எழுதி வாருங்கள். எடை இறங்காமல் நிலைத்தால் அந்த இடத்தில் அதற்குமேல் உலராது. என் கட்டை பள்ளி அலுவலக அலமாரியின் மேல் எட்டு மாதம் இருந்தது. தலைமையாசிரியர் இரண்டு முறை, "சார், அந்த விறகை எப்போ எடுக்கப் போறீங்க?" என்று கேட்டுவிட்டார்.

உலர்ந்த கட்டையின் பொந்திலும் முண்டிலும் உள்ள பட்டை, தூசி, இற்றுப்போன பகுதி எல்லாவற்றையும் கம்பித் தூரிகையால் தேய்த்து எடுங்கள். மிருதுவாக எதுவும் மிஞ்சக் கூடாது.

ரெசினில் இரண்டு வகை நமக்குக் கிடைக்கும். படகுக்கும் கார் பம்பருக்கும் பூசும் பாலியெஸ்டர் மலிவு. ஆனால் நெடி தலையைப் பிளக்கும், இறுகும்போது அதிகம் சுருங்கும். அதை இறுக்கச் சேர்க்கும் திரவம் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. லயத்து வீட்டில், பிள்ளைகள் நடமாடும் இடத்தில் அது வேண்டவே வேண்டாம். எபோக்சி விலை கூடுதல் என்றாலும் அதையே வாங்குங்கள். அது இரண்டு புட்டியாக வரும்: ஒன்று ரெசின், மற்றது இறுக்கி. எத்தனைக்கு எத்தனை என்பது புட்டிக்குப் புட்டி மாறும். அளவால் கலப்பதா, எடையால் கலப்பதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இறுக்கியைக் கூட்டிப் போட்டால் சீக்கிரம் இறுகும் என்று நினைப்பவர்கள், கடைசிவரை பிசுபிசுக்கும் ஒரு கட்டியைத்தான் பெறுவார்கள்.

அச்சுக்கு 22 செண்டிமீட்டர் அகலமுள்ள நேர்ச்சுவர்ப் பிளாஸ்டிக் டப்பா ஒன்றை எடுத்தேன். வாளி செய்யும் வகைப் பிளாஸ்டிக்கில் எபோக்சி ஒட்டாது. கட்டையை உள்ளே வைத்து, சுற்றியுள்ள இடைவெளி எவ்வளவு என்று காண அரிசியைக் கொட்டி நிரப்பி, பிறகு அந்த அரிசியை அளந்தேன். தண்ணீரால் அளந்து எட்டு மாத உழைப்பை நனைத்துவிடாதீர்கள். எனக்கு 700 மில்லிலிட்டர் வந்தது.

நிறம்? பால் மரமாயிற்றே, வெள்ளை முத்து நிறத்தில் ஊற்றினால் பொருத்தமாக இருக்கும் என்று நான் நினைத்தேன். என் கற்பனையை நானே மெச்சிக்கொண்டு அம்மாவிடம் சொன்னேன்.

"பால் பாத்தது போதும்டா" என்றார்.

நீலமும் பச்சையும் மைக்காத் தூளாக வாங்கி வந்தேன். மூடிகளில் கொஞ்சம் கொஞ்சம் கலந்து பார்த்து, நான்காவது மூடியில் மயில் கழுத்து வந்தது. தூள் சிறிதளவே போதும். அதிகமானால் ரெசின் பலம் குன்றும்.

இனி நான் பாழாக்கிய கதை. அது வேறொரு நேர்மரத் துண்டு, முதல் முயற்சி. 700 மில்லிலிட்டரையும் ஒரே குவளையில் கலந்தேன். அந்த நேரம் பார்த்துக் கைப்பேசி மணி. பேசி முடித்துத் திரும்பினால் குவளை புகைகிறது. தொட முடியாத சூடு. குவளையின் அடியே குழைந்துவிட்டது. எபோக்சி இறுகும்போது தானே வெப்பம் விடும். பெரிய அளவாக ஒரே குவளையில் நின்றால் அந்த வெப்பம் வெளியேற வழியின்றி மேலும் மேலும் ஏறும். புட்டியில் தெளிவாகவே, ஒரு முறைக்கு இரண்டு செண்டிமீட்டருக்கு மேல் ஊற்றாதே என்று அச்சிட்டிருந்தார்கள். மாணவர்களிடம் "கேள்வியை முழுவதும் படி" என்று தினமும் சொல்கிற நான் அதைப் படிக்கவில்லை.

இரண்டாம் முறை ஒழுங்காகச் செய்தேன். முதலில் கட்டை முழுவதும் நிறமில்லா எபோக்சியை மெல்லிதாகப் பூசி, அதன் துளைகளை அடைத்தேன். இதனால் உள்ளிருக்கும் காற்று குமிழியாகக் கிளம்பாது. கட்டை ரெசினைவிட இலேசு, மிதக்கும். ஆகவே டப்பாவின் வாய்க்குக் குறுக்கே ஒரு சட்டத்தைக் கட்டி ஆப்பு வைத்து அமுக்கினேன். பிறகு 7 செண்டிமீட்டர் உயரத்தை நான்கு தடவையாக, ஒவ்வொன்றும் இறுகத் தொடங்கியபின் அடுத்ததாக ஊற்றினேன். ஒவ்வொரு முறையும் குவளையின் ஓரத்தையும் அடியையும் வழித்து வழித்து நான்கு நிமிடம் மெதுவாகக் கிளற வேண்டும். அடித்துக் கலக்கினால் நுரைதான் வரும். முழுதும் இறுக ஒரு வாரம் விட்டேன்.

கையுறை இல்லாமல் எபோக்சியைத் தொடாதீர்கள். முதல் நாள் ஒன்றும் செய்யாது. பல முறை பட்டபின் தோல் அதை ஏற்காமல் தடிக்கத் தொடங்கினால், அந்த ஒவ்வாமை பிறகு போவதில்லை. கையில் பட்டால் சோப்பும் தண்ணீரும்; தின்னர் கூடாது. மீந்ததைக் கால்வாயில் கொட்டாமல், குவளையிலேயே இறுகவிட்டுக் குப்பையில் போடுங்கள்.

கடைசல் இயந்திரம் நம் வீடுகளில் ஏது? பட்டணத்தில் மாடிப்படிக் கைப்பிடிக்குக் கால் கடையும் தவுக்கே ஒருவரிடம் போனேன். கட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சிக்கு, உளி நீ பிடி. நான் பக்கத்தில் நிற்கிறேன்" என்றார் மலாயில். தட்டை முடுக்கும் திருகாணிகள் மரத்தில் இறங்க வேண்டும், ரெசினில் அல்ல என்பதை அவர்தான் சொன்னார். முன்புறம் தாங்குமுனையையும் கொடுத்து, நிமிடத்துக்கு ஐந்நூறு சுற்றில் தொடங்கினோம். உருண்டை சமமானபின் ஆயிரம் வரை ஏற்றினோம். முகக்கவசத்தோடு நேர் எதிரே நிற்காமல் சற்று விலகி நிற்க வேண்டும். கட்டி பிய்ந்தால் சுழலும் தடத்தில்தான் பறக்கும்.

வெளிப்புறத்தைக் கடைந்து, அடியில் பிடிப்புக்கு ஒரு குமிழ் விட்டு, பின் திருப்பிப் பிடித்து, உட்புறத்தை விளிம்பிலிருந்து நடுவை நோக்கிக் குடைந்தோம். மரத்தில் சுருளாக வந்த சீவல் ரெசினில் நாடாவாக நீண்டு உளியைச் சுற்றிக்கொள்ளும். இயந்திரத்தை நிறுத்திவிட்டே அதை அகற்றுங்கள். அழுத்தி வெட்டினால் ரெசின் சில்லாகத் தெறிக்கும். உளி மழுங்கும் முன்னே தீட்டிக்கொண்டு, இழைத்து இழைத்து எடுங்கள். சுவர் 8 மில்லிமீட்டர் வந்ததும் நிறுத்தினோம். தேய்த்தாளை 120இல் தொடங்கி 1000 வரை, மெதுவான சுற்றில். வேகமாய்த் தேய்த்தால் ரெசின் சூடாகிக் குழையும். இந்தத் தூள் நெஞ்சுக்கு ஆகாது, மூக்குறை கட்டாயம். முடிவில் மெழுகு.

கிண்ணம் அழகுக்கும், பூ, தோலோடு உள்ள பழம் வைப்பதற்கும் மட்டும். சுடுசோறோ குழம்போ கூடாது. சன்னலோர வெயிலிலும் வைக்காதீர்கள், எபோக்சி மஞ்சளித்துவிடும்.

அம்மாவிடம் கொடுத்தேன். வெளிச்சத்தில் திருப்பினார். சுழி ரேகை மயில் கழுத்து நிறத்தைத் தொடும் ஓரத்தை விரலால் இரண்டு முறை தடவிவிட்டு, "ஆழமாத்தான் இறங்கியிருக்கு" என்றார். இப்போது அது தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. மூக்குக் கண்ணாடியும் மாத்திரை அட்டையும் அதில்தான். வந்தவர்கள் யாராவது கேட்டால், எந்த நிரையில் இருந்த மரம் என்பதில் தொடங்கிச் சொல்லிக்கொண்டிருக்கிறார். சேலைக் கதையை மட்டும் சொல்வதில்லை.

முண்டின் மறுபாதி மருந்தேற்றப்பட்டு அலமாரி மேல் உலர்கிறது. தலைமையாசிரியர் இப்போது ஒன்றும் கேட்பதில்லை.